முப்பது எண்ணும்வரை

"அந்த ஒரு கதவு மட்டும் திறக்கவே மாட்டேங்குது பாஸ்டர். நான் என்ன தப்பு பண்ணேன்னே தெரியல" என்றாள் தாஹே.

பாஸ்டர் ஹான் பொதுக்கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை. இரண்டு மணிக்கு அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் முதியவர்களுக்காகப் பாட்டுக் கூட்டம். நாளை விடிந்ததும் குழு முழுவதும் கொரியாவுக்கு, சொந்த ஊரான பூசானுக்கு விமானம் ஏறவேண்டும். ஜப்பானுக்கு ஊழியத்துக்கு வந்த இந்த ஒரு வாரத்தில் தாஹே இப்படி முகத்தைத் தொங்கப்போட்டு அவர் பார்த்ததில்லை.

அவள் சொன்னது நாலாம் மாடியில் நிஷிவாகி தாத்தா வீட்டுக் கதவை. எண்பது வயது, தனிக்கட்டை. திங்களன்று முதல் மணிக்கே கதவைத் திறந்தவர். இடது கையால் இரண்டு அரிசி பிஸ்கட்டை நீட்டி, தாஹே பேசிய ஜப்பானிய மொழியைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். சனிக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன் என்று அவரே வாக்குக் கொடுத்தார். மறுநாளிலிருந்து கதவு திறக்கவில்லை.

"உன் ஜப்பானிய மொழியை இன்னொரு தடவை கேக்கணுமேன்னு பயந்துட்டாருடி" என்றாள் பியானோவைத் துடைத்துக்கொண்டிருந்த போரம் அக்கா. தாஹேவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனைக்கும் அவள் சட்டதிட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மீறவில்லை. பயிற்சியிலேயே பாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மணியை ஒரே தடவை அழுத்து. முப்பது எண்ணு. திறக்காவிட்டால், ஒரு வரி எழுதி உறையிலிட்ட கார்டைக் கதவின் தபால் துவாரத்தில் போட்டுவிட்டுத் திரும்பு. இந்த ஊரில் அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுத்தால், பத்து வருஷமாகச் சேர்த்த நல்ல பேர் ஒரே நாளில் போய்விடும். அதோடு, வாயால் போதிப்பதைவிடக் கையால் செய்வதுதான் ஊழியம். யாராவது சொல்லட்டும் என்று காத்திராமல் கண்ணில் படும் வேலையைச் செய்.

தாஹே கண்ணில் பட்டதையெல்லாம் செய்தாள். செவ்வாயன்று வெயில் ஏறுமுன் எட்டு மணிக்கே வந்து நாலாம் மாடி நடையை முழுக்கப் பெருக்கினாள். சரிந்து கிடந்த குடைகளை நிமிர்த்தி வைத்தாள். தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டாள். அங்கே வீட்டுக்கு வீடு கதவுக் கைப்பிடியில் ஒரு மஞ்சள் துணி தொங்கும். தாத்தா வீட்டுத் துணி மட்டும் வாசலில் விழுந்து கிடந்தது. அதையும் உதறி, மறுபடி விழாதபடி இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டாள். அப்புறம் மணியை அழுத்தி, முப்பது எண்ணி, கார்டைப் போட்டுவிட்டு வந்தாள். தினமும் அப்படித்தான்.

"உள்ளேதான் இருக்காரு பாஸ்டர். கார்டு போட்டதும் உறையைக் கிழிக்கிற சத்தம் கேட்டுச்சு. செவ்வாய், புதன், வியாழன், மூணு நாளும் கேட்டுச்சு. கதவுக்குப் பக்கத்துலயே இருந்துக்கிட்டுத் திறக்கல. நேத்தும் இன்னைக்கும் அந்தச் சத்தம்கூட இல்ல."

பாஸ்டருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. படித்தாரே, அதுவே போதும், முகம் கொடுக்க விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துக் குடியிருப்போர் சங்கத்து ஒகாபே அம்மா குளிர்ந்த தேநீரோடு வந்தார். தினமும் காலை எட்டரை மணிக்கு மாடி மாடியாக ஏறி இறங்கி ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளும் மனுஷி. தாத்தாவுக்கு என்மேல் கோபமா என்று தாஹே அவரிடமும் கேட்டாள். அவர் சிரித்தே விட்டார். கோபமா, நிஷிவாகிக்கா? காலையில்கூட அந்த மாடிக்குப் போய்விட்டுத்தான் வருகிறேன், மனுஷன் நன்றாக இருக்கிறார் என்றார். நான் கூப்பிட்டால் வருவார், நீயும் வா என்று அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

கதவுக்கு முன்னால் மணியை அழுத்தப் போன ஒகாபே அம்மாவின் கை அப்படியே நின்றது. கைப்பிடியில் இருந்த துணியைக் குனிந்து பார்த்தார்.

"இதைக் கட்டினது யாரு?"

"நான்தாம்மா." தாஹேவுக்கு உள்ளூரப் பெருமை. "செவ்வாய்க்கிழமை காலைல கீழே கிடந்துச்சு. எடுத்துக் கட்டினேன்."

ஒகாபே அம்மாவின் முகம் வெளுத்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்.

"அவருக்கு வலது கை வராது. முடிச்சே போட முடியாது, துணியோட வளையத்தைத்தான் கைப்பிடியில மாட்டுவாரு" என்றார் மெதுவாக. "காலைல எழுந்ததும் இதை வெளியே மாட்டணும், ராத்திரி உள்ளே எடுத்துக்கணும். நான் நல்லா இருக்கேன்னு அக்கம்பக்கத்துக்குச் சொல்ற துணி இது. துணி இல்லாத கதவைத்தான் நான் தட்டுவேன். அஞ்சு நாளா படிக்கட்டுலேருந்தே மஞ்சளைப் பார்த்துட்டு இறங்கிப் போயிருக்கேனே."

காவலாளி சாவியோடு ஓடிவந்து கதவைத் திறந்தார். வாசலை ஒட்டியே நிஷிவாகி தாத்தா கிடந்தார், வாய் ஒரு பக்கமாகக் கோணி, ஒரு காலில் மட்டும் செருப்போடு. உயிர் போய் இரண்டு நாள் இருக்கும் என்றார் காவலாளி.

தபால் துவாரத்துக்குக் கீழே இரண்டு கார்டுகள் பிரிக்காமல் கிடந்தன. மற்ற மூன்றும் பல்லால் கிழித்துப் பிரிக்கப்பட்டு அவர் மார்மேல் இருந்தன. மூன்றிலும் தாஹே ஒரே வரியைத்தான் எழுதியிருந்தாள்: "தாத்தா, நான் வெளியேதான் நிற்கிறேன்; உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டேன்."