முதல் சுற்று

"பதினாறு பேரும் முட்டையா? அதுவும் முதல் சுத்துலயேவா?" பேராசிரியர் முராசே கணினித் திரையை விரலால் தட்டினார்.

பக்கத்தில் நின்ற ஆய்வு மாணவி கயானோ குறிப்பேட்டைப் புரட்டினாள். அவளுடைய முனைவர் பட்டத்துக்கு இதுதான் கடைசிச் சோதனை.

விளையாட்டு எளிது. ஆளுக்குப் பத்து வில்லை, கடைசியில் பணமாக மாற்றிக்கொள்ளலாம். பொது உண்டியலில் போட்டால் இரட்டிப்பாகி எல்லாருக்கும் சமமாகப் பிரியும். போடாமல் பதுக்கியவருக்கும் பங்கு உண்டு. போன வாரம் வந்தவர்கள் தாராளமாகத்தான் போட்டார்கள். இன்று ஒருவர்கூட ஒரு வில்லையும் போடவில்லை.

"போகப் போகக் கை இறுகினா, ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் கெட்டான்னு சொல்லலாம். யார் என்ன செஞ்சாங்கன்னு தெரியறதுக்கு முன்னாடியே எப்படிம்மா?"

"நடுவுல தடுப்பு இருந்துச்சு சார். ஃபோனையும் வாங்கி வச்சுட்டேன். எல்லாரும் வேற வேற துறை. ஒருத்தரை ஒருத்தர் தெரியவே தெரியாது."

"அப்போ வெளியிலயே எவனோ ஓதி அனுப்பியிருக்கான். இதைப் பதினாறு பேர்னு ஆய்வேட்டுல எழுதுவியா? பதினாறு தலை, ஒரே மூளை. கணக்குக்கு இது ஒரே ஆள்! இப்படிக் கொண்டு வந்தா நானே கையெழுத்துப் போடமாட்டேன்."

கயானோவின் கண் கலங்கியது. மூன்று வருட உழைப்பு.

வாசலில் மழை விடக் காத்திருந்தாள் ஹினாகோ. அந்தப் பதினாறு பேரில் கடைசியாக வெளியேறிய மாணவி. முராசே அவளை உள்ளே அழைத்தார்.

"உண்மையைச் சொல்லணும். விளையாட வர்றதுக்கு முன்னாடி இதைப் பத்தி உன்கிட்ட யாராவது பேசினாங்களா?"

அவள் தலை குனிந்தாள். "பேசினாங்க சார்."

"என்னன்னு?"

"உண்டியல்ல போடுறவன் ஏமாளின்னு..."

"எவன் அந்த அரைவேக்காடு? மத்தவங்ககிட்டயும் சொன்னானா?"

"எல்லார்கிட்டயும்தான் சார்."

"பேரைச் சொல்லு! ஒரு பொண்ணோட படிப்புல மண்ணை அள்ளிப் போட்டவனை நாளைக்கே இங்கேருந்து துரத்துறேன்."

ஹினாகோ கதவுப் பக்கம் ஓரடி நகர்ந்தாள். கயானோ அவள் தோளைத் தொட்டாள். "பயப்படாதம்மா. நான் இருக்கேன்ல, சொல்லு."

"நீங்கதான் சார்," என்றாள் ஹினாகோ, முராசேயை நிமிர்ந்து பார்க்காமலே. "நேத்து முதல் வருஷப் பொது வகுப்புல இந்த விளையாட்டைப் பத்திப் பாடம் நடத்தும்போது சொன்னீங்க. அந்த வகுப்பு முடிஞ்சு வெளிய வரும்போது, வாசல்ல இந்த அக்கா ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் நாங்க பதினாறு பேரும் இங்க வந்தோம்."