கையில் கொடுக்காத நாவல்

"ஒரே ஒரு தடவை கையில குடுங்கன்னு கேட்டேன் பாய். குடுக்கல. நான் தொட்டா தீட்டு."

ரிட்டயரான பிறகு ரெத்தினம் டீச்சர் அந்த நாவலைத் தேடாத இடமில்லை. தஞ்சாவூரில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் மீரா உசேனிடம், கதையோடு கோபத்தையும் சேர்த்தே சொன்னாள்.

கழக ஆட்சி வந்த புதிது. அவளுக்கு ஒன்பது வயது. அம்மா ராமாயிக்குப் பண்ணை வீட்டில் சாணி அள்ளுகிற வேலை. பண்ணையார் மகள் ஆனந்தம் கொல்லைப்படியில் உட்கார்ந்து சத்தமாக நாவல் வாசிப்பாள். ரெத்தினம் வைக்கோல்போர் ஓரமாக நின்று கேட்பாள். நெல் அவிக்கிற வாசனை வந்தால் இன்றைக்கும் அவளுக்கு அந்தக் கதைதான் ஞாபகம்.

பெயர் தெரியாது. யார் எழுதியது என்றும் தெரியாது. ஒரு மனோதத்துவ டாக்டர் அநாதைப் பிள்ளைகளை இருட்டறையில் பூட்டிவைத்து, பயம் மனசை என்ன செய்கிறது என்று சோதித்துப் பார்ப்பார்.

"கடைசியில டாக்டரே மனசு மாறிக் கதவைத் திறந்துவிடுவார். பிள்ளைங்க எல்லாம் ஓடிப்போய் ஆத்துல குதிச்சுக் குளிக்கும்."

மீரா உசேன் கொஞ்சம் யோசித்தார். பரணில் துழாவி, அட்டை போன ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார்.

இரண்டு பக்கம் படித்ததுமே டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அதேதான்.

"ஆனா முடிவு நீங்க சொல்ற மாதிரி இல்லையே, டீச்சர்."

கடைசிப் பக்கத்துக்குப் போனாள். டாக்டர் சாவியோடு ஊரைவிட்டே போய்விடுகிறார். பூட்டிய அறைக்குள்ளேயே பிள்ளைகள் செத்துப்போகிறார்கள். ஆறும் இல்லை, குளியலும் இல்லை.

வேறு பதிப்பில் மாற்றியிருப்பார்களோ என்று கேட்டாள். வந்ததே ஒரு பதிப்புதான் என்றார் அவர்.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வருஷ அறுப்பின்போதுதான், கூலி நெல் கூட்டிக் கேட்டதற்காகப் பண்ணையார்களின் அடியாட்கள் ரெத்தினத்தின் தெருவைக் கொளுத்தினார்கள். வெளியே தாழ் போட்ட குடிசைக்குள் அவளுடைய அத்தையும் பிள்ளைகளும் கருகிப்போனார்கள்.

காரியம் முடிந்து அம்மா மறுபடி வேலைக்குப் போன அன்றுதான், ஆனந்தம் கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். நடுவில் நிறுத்தி ரெத்தினத்தைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தைப் புரட்டாமலே வாசித்துக்கொண்டு போனாள். முடிந்ததும், நானும் ஒரு தடவை படிக்கிறேன் என்று ரெத்தினம் கை நீட்ட, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு விடுவிடென்று உள்ளே போய்விட்டாள்.

டீச்சர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன்னு அவங்களுக்குத் தெரியும் பாய்," என்றாள் மெல்ல. "அதான் கையில குடுக்கல."