ஆதாரப் பள்ளிக்கு வந்த அதிகாரி

தொண்டிக்குப் பக்கத்தில், கைவேலை வழியாகவே பாடம் சொல்லித்தரும் ஆதாரப் பள்ளியில் ஆசிரியை சேதுலட்சுமி பிள்ளைகளைத் தோட்டம் கொத்த விட்டிருந்தாள். பார்வையிட வந்த கல்வி அதிகாரிக்குப் பரம திருப்தி.

வயற்காட்டுக் கூலிக்காரி பூமயில் குறுக்கே வந்து நின்றாள். "களையெடுக்க நானே பழக்கிருவேன் சாமி. எம்மகளுக்கு எழுத்தச் சொல்லிக் குடுங்க."

அதிகாரி ஏளனமாகச் சிரித்தார். "உருப்போடுறது கிளிப்பிள்ளைப் படிப்பு. கையால செஞ்சு கத்துக்கிறதுதான் அசல் படிப்பு. ஆராய்ச்சி பண்ணியே சொல்லியிருக்கோம். உனக்கெங்க புரியும்?"

சேதுலட்சுமியும் அதை நம்பிப் பூமயிலை அதட்டி அனுப்பினாள்.

ஜீப்பில் ஏறும்போது அதிகாரி சொன்னார்: "அடுத்த வாரம் வரமாட்டேம்மா. என் பையனை வேற பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். இப்ப படிக்கிற இடத்துல அவன் கையில மம்பட்டியைக் குடுத்திருக்காங்க. 'படிக்க வந்த பிள்ளையா, பண்ணையாளா'ன்னு சத்தம் போட்டுட்டு வந்துட்டேன்."

கும்பிட எடுத்த கையைச் சேதுலட்சுமி இறக்கிக்கொண்டாள்.