மங்கிய சோடியம்

கல்லூரிக் கண்காட்சியில், ஆய்வக உதவியாளன் மண்ணெண்ணெய் பாட்டிலிலிருந்து சோடியத் துண்டை எடுத்து வைத்ததும், முன்னால் நின்ற அம்மாள் முகம் சுளித்தார்.

"இதுவா உலோகம்? அழுக்குக் கட்டி மாதிரி இருக்கே!"

அவன் சிரித்தபடி கத்தியால் அதை நறுக்கினான். உள்ளே வெள்ளியாகப் பளபளத்தது.

"காத்து பட்டா மேல ஒரு படலம் படிஞ்சிடும்மா. பாருங்க, நாம பேசும்போதே மங்குது."

"புரியலையேப்பா."

மறுபடியும் நறுக்கினான். "இது சட்டுனு காத்தோட சேர்ந்துடும். தங்கம் அப்படிச் சேராது. அதான் அது மின்னிக்கிட்டே இருக்கு."

"எங்க, இன்னொரு தடவை சொல்லு."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவனுக்கும் காலையிலிருந்து நின்று கால் கடுத்தது. இருந்தாலும் முகம் கோணாமல் மூன்றாவது முறையும் நறுக்கிக் காட்டினான்.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"முப்பது வருஷமா நான் நடத்துற பாடத்தை எனக்கே மூணு தடவை பொறுமையா சொல்லிக் குடுத்தாருடி! வெறும் லேப் அசிஸ்டென்ட்டுதானேன்னு நான்தான் முரண்டு பிடிச்சுட்டேன். எனக்குச் சம்மதம்."

பிறகு போனை அவனிடம் நீட்டினார்.

"பேசுங்க மாப்பிள்ளை. என் பொண்ணு லைன்ல இருக்கா."

கையுறையைக் கழற்றவும் மறந்து, அவன் போனை வாங்கிக் காதில் வைத்தான்.