ஏர் படாத மேடு

தொல்லியல் துறையிலிருந்து வந்திருந்த மெரில் மேட்டில் முதல் வெட்டு வெட்டியதுமே விவசாயி ஹெட்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இங்கிலாந்தின் வில்ட்ஷர் சுண்ணாம்புக் குன்றில், அவருடைய பார்லி வயலுக்கு நடுவே இருக்கும் நாலாயிரம் வருஷத்துச் சமாதி மேடு அது. "அதுல ஏர் பட்டுச்சு, தோலை உரிச்சுடுவேன்" என்று மிரட்டித்தான் அப்பா அவரை வளர்த்தார். அதே மிரட்டலைச் சொல்லித்தான் அவரும் மகள் டாம்சினை வளர்த்தார்.

மத்தியானம் குழியிலிருந்து மெரில் தலையை நீட்டினாள். "என்ன ஹெட்லி, இது பழைய மேடே இல்லையே. யாரோ அள்ளிக் குவிச்ச மண்ணா இருக்கு!"

ஹெட்லி தொப்பியைக் கழற்றினார்.

"நான்தாம்மா. கல்யாணமான புதுசுல, நாலு மூட்டை பார்லி கூட வருமேன்னு உழுது தரைமட்டமாக்கிட்டேன். அப்புறம் பயந்துபோய்ப் பழையபடி குவிச்சு, புல்லும் பதிச்சு வெச்சேன். நாப்பது வருஷமா இந்தப் பக்கம் வந்தாலே எனக்குத் தலை நிமிராது."

"அப்ப இது யாரோடது? அடியில கிடந்துச்சு."

துருப்பிடித்த புகையிலை டப்பா. உள்ளே ஒரு சீட்டு, அப்பாவின் கையெழுத்தில்: 'உழுதுவிட்டேன். திரும்பக் குவித்து வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பவர் மன்னிக்கவும். 1951.'

ஹெட்லிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "பாத்தியா டாம்சின், உங்க தாத்தா பண்ணின வேலைய!"

டிராக்டரில் சாய்ந்து நின்ற டாம்சின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா... நீங்க இடுப்பு ஆபரேஷன் பண்ணிட்டு மூணு மாசம் படுத்திருந்தீங்களே, ஞாபகம் இருக்கா? இப்ப இருக்கறது நீங்க குவிச்ச மேடு இல்ல."