திரையில் வந்த பெயர்

வேலை பார்த்த அச்சகம் மூடிய பிறகு, நாற்பத்தாறு வயதில் சாப்ட்வேர் கற்க வந்திருந்தார் ஞானப்பிரகாசம். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் அவருடைய மகள் வயதுதான். மதிப்பெண்ணைக் கொடுத்தால் தேர்ச்சியா இல்லையா என்று சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அவர் எழுதியது ஓடவே இல்லை. பக்கத்து இருக்கை மகிழினியிடம் கேட்கவும் கூச்சம். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், அவளுடையதைப் பென்டிரைவில் எடுத்துத் தன் கணினியில் போட்டுக்கொண்டார்.

"சார், உங்களோடதை ஓட்டிக் காட்டுங்க" என்றார் பயிற்சியாளர்.

சுவரிலிருந்த பெரிய திரையில் முதல் வரி வந்தது: வணக்கம், நான் மகிழினி.

வகுப்பு சிரித்தது. ஞானப்பிரகாசத்துக்குக் காதெல்லாம் சுட்டது. மகிழினி திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு, "நான்தான் சார், விளையாட்டுக்கு அங்கிளோட புரோகிராம்ல என் பேரைப் போட்டேன்" என்றாள்.

"அப்படியா சார்?" என்று பயிற்சியாளர் ஞானப்பிரகாசத்திடம் கேட்டார்.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். மீதியெல்லாம் சரியாக ஓடியது. "இந்த வயசுல எவ்வளவு ஆர்வம் பாருங்க" என்று பயிற்சியாளர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். மகிழினியும் தட்டினாள்.

வகுப்பு கலைந்ததும் ஞானப்பிரகாசம் அந்தப் புரோகிராமை முழுவதுமாக அழித்தார்.

"ஏன் அங்கிள் அழிச்சிட்டீங்க?"

"அதுல ஒரு வரிகூட எனக்குப் புரியலம்மா."

தோளில் மாட்டிய பையை மறுபடி இறக்கிவைத்துவிட்டு, மகிழினி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் சொன்ன எழுத்தை விசைப்பலகையில் தேடிக்கொண்டிருந்தார்.