கிசங்கானியிலிருந்து ஒன்றரை மணி நேரம்

கிசங்கானி விமான நிலையத் தராசில் பெட்டியோடு சேர்த்து லிகோம்போவையும் ஏற்றி நிறுத்தினார்கள். சின்ன விமானம், அதற்கு ஆளும் மூட்டையும் ஒன்றுதான்.

அவன் வலது கைச் சட்டை முழங்கைக்கு மேல் மடிந்திருந்தது. காலையில் ரத்தம் எடுத்துச் சோதித்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

மேற்கே ம்பண்டாகா ஊர் ஆஸ்பத்திரியில் தங்கை பொலும்பு கிடக்கிறாள். பிள்ளை பிறந்து ஒரு நாளாகியும் உதிரப்போக்கு நிற்கவில்லை. அவளுடைய அரிய ரத்த வகை அந்த ஊரில் தேடியும் கிடைக்கவில்லை. அண்ணனுக்கு இருந்தது.

தராசை விட்டு இறங்குவதற்குள் அவள் புருஷன் எலோங்கோ போனில் வந்துவிட்டான்.

"மச்சான், டாக்டர் கேக்குறாரு. பதினோரு மணிக்குள்ள நீங்க வந்துட்டா இங்கயே வச்சுக் காப்பாத்திடுவாராம். முடியாதுன்னா இப்பவே படகுல ஏத்தி, ரத்தம் இருக்குற மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்றாரு. ஆத்துல அஞ்சு மணி நேரம். தாங்குவாளான்னு கேட்டா சொல்ல முடியாதுங்குறாரு."

லிகோம்போ மரக்கிடங்கில் கட்டை அளப்பவன். அவன் அளந்து சொன்னால் மறு அளவு கிடையாது. அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு.

எண்ணூறு கிலோமீட்டர். ஆற்று வழியே ஒன்பது நாள், ஆகாயத்தில் ஒன்றரை மணி நேரம். விமானியிடமே கேட்டான். ஒரு நிமிடம்கூடக் குறையாது என்றார். பத்து மணிக்குக் கிளம்பினால் பதினொன்றரை.

"அரை மணி லேட்டாயிடும் மாப்ள. என்னை நம்பி உக்காந்திருக்காத, ஏத்திடு. நான் பின்னாலயே வேற படகு புடிச்சு வந்துடுறேன்."

குரல் உடையக் கூடாதென்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னான்.

வழியெல்லாம் கீழே ஆறுதான். கண்ணில் பட்ட படகையெல்லாம் அவள் படகாக நினைத்துக்கொண்டான்.

சக்கரம் தரையைத் தொட்டபோது கைக்கடிகாரம் சரியாகப் பதினொன்றரை காட்டியது. கணக்குப் பிசகவில்லை என்று மனசு ஒரு கணம் நிமிர்ந்தது. உடனே தன்மேலேயே வெறுப்பு வந்தது.

ம்பண்டாகா விமான நிலையத்துக்குள்ளே சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரை.

ஓடாத கடிகாரம் என்று நினைத்தான். ஆனால் நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னய்யா, உங்க கடிகாரத்துக்குச் சோறே போடுறதில்லையா? ஒரு மணி நேரம் பின்னாடி போகுது."

மூட்டை இறக்குகிறவன் சிரித்தான்.

"கிழக்கேருந்து முதல் தடவை வர்றவங்க எல்லாரும் இதைத்தாண்ணே கேக்குறாங்க. கிசங்கானியில பதினொன்னரைன்னா எங்களுக்குப் பத்தரைதான். ஒரே நாடு, ரெண்டு நேரம். முள்ளைத் திருப்பி வச்சுக்குங்க."

முள்ளைத் திருப்ப லிகோம்போவுக்குக் கை வரவில்லை. தங்கையைக் கட்டிக்கொடுத்து ஆறு வருடம். வாரம் தவறாமல் போனில் பேசியிருக்கிறான். அங்கே மணி என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

"மோட்டார் சைக்கிள்ல பத்து நிமிஷம்."

எலோங்கோவின் எண்ணை அழுத்தினான். மறுபடியும் அழுத்தினான். ஆற்றின் நடுவில் எந்தப் போனும் வேலை செய்யாது.

மடித்த சட்டைக் கையை இறக்காமல் அந்தக் கடிகாரத்தின் கீழேயே நின்றான். டாக்டர் சொன்ன பதினோரு மணிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.